ஆணியில் தொங்கிய வெள்ளை ஹெல்மெட்

"ஆளைக் காணோம்னா போலீஸுக்குப் போகலாமே சார்? எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டார் அண்ணி.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்கம்மா. எங்க சூப்பர்வைசர் காலைல டாண்ணு வேலைக்கு வர்றாரு. சாயங்காலம் ஒழுங்கா வீட்டுக்குப் போறாரு. மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுலதான் காணாமப் போறாரு. தினமும்!"

"தினமும் தவறாம காணாமப் போறாரா? ரொம்ப ஒழுங்கான மனுஷனா இருக்காரே!" என்றேன் நான்.

அண்ணி என் காலை மிதித்தார். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் வாயை மூடு என்பதற்கு அதுதான் உத்தரவு.

அண்ணி என்றால் சொந்த அண்ணி. என் அண்ணனின் மனைவி. மற்ற துப்பறிவாளர்களுக்கு மீசை இருக்கும், கோட்டு இருக்கும். எங்கள் அண்ணியிடம் இருப்பது ஒரு குடை, தோள்பை, பைக்குள் வறுத்த கடலைப் பொட்டலம். என் அண்ணன் தலையில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடுகிற ரகம். அவனுடைய சாவி, பர்ஸ், கண்ணாடி எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் கண்டுபிடித்துக் கொடுத்த அனுபவத்தில்தான் அண்ணி இந்தத் தொழிலையே தொடங்கினார். வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியிருந்த நான் அசிஸ்டென்ட் ஆனேன்.

நாங்கள் நின்றிருந்தது பாதி கட்டி முடித்த ஒரு பெண்கள் விடுதியின் வாசலில். நாலு மாடி. எங்கே பார்த்தாலும் சாரம், சிமெண்ட் மூட்டை, சுத்தியல் சத்தம். வாசலுக்கு எதிரே ஒரு கார் நின்றது. அதற்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸோடு ஒரு ஆசாமி சாய்ந்திருந்தான்.

"அது யாரு?" என்றார் அண்ணி.

"என் மச்சான். என் சம்சாரத்தோட தம்பி." மேனேஜரின் குரல் இறங்கியது. "இன்னைக்கு சாயங்காலம் ஓனரம்மா வர்றாங்க. போன தடவை வந்தப்ப சூப்பர்வைசரைக் காணோம். அந்தம்மா என்னைப் பிடி பிடின்னு பிடிச்சிட்டாங்க. இன்னைக்கும் காணோம்னா அந்த எடத்துல மச்சானைப் போட்டுடறேன்னு வீட்ல வாக்குக் குடுத்துட்டேன். அவன் வந்தா அவனோட ஆளுங்களைத்தான் கூட்டிட்டு வருவானாம்."

"அப்ப இங்க இப்ப வேலை செய்யறவங்க?"

மேனேஜர் சாரத்தில் நின்றவர்களைப் பார்த்தார். எனக்கே சுருக்கென்றது. ஒரு ஆள் மதியத்தில் டிமிக்கி கொடுப்பதற்கு ஒரு கட்டடமே வீட்டுக்குப் போகவேண்டுமா?

"ஓனரம்மா வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம். வா கொழுந்தனாரே" என்று அண்ணி குடையை ஊன்றிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் வாட்ச்மேன். ஒரே ஒரு கேட், அதன்மேல் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு ஆள் கண்ணை மூடியிருந்தார்.

"மதியம் சூப்பர்வைசர் வெளிய போனாரா?"

"போகலைம்மா."

"நீங்கதான் தூங்கறீங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன் நான்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "தம்பி, அதுக்குத்தான் நாற்காலியைக் கேட்மேல சாய்ச்சு வெச்சிருக்கேன். எவன் கேட்டைத் தொறந்தாலும் நான் மல்லாக்க விழுவேன். மதியத்துல நான் விழுந்து பல நாளாச்சு."

தூங்கிக்கொண்டே காவல் காக்க ஒருவர் வழி கண்டுபிடித்திருக்கிறார், அவரை வெறும் வாட்ச்மேன் என்கிறார்கள்!

"ஆக, ஆள் உள்ளதான் இருக்காரு" என்றார் அண்ணி.

"உள்ளயா? நாலு மாடியும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத் தேடியாச்சும்மா!" என்று மேனேஜர் அலறினார். "ஒவ்வொரு ஆளையும் கேட்டாச்சு. இப்பதான் கீழ போனாரு, இப்பதான் மேல போனாருங்கறாங்க."

அடுத்தது தரைத்தளத்தில் சூப்பர்வைசரின் அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரில் வரிசையாக ஆணிகள். முதல் ஆணியில் ஒரு வெள்ளை ஹெல்மெட் தொங்கியது. அதற்குள்ளிருந்து மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் செல்போன். திரையில் 'வீடு' என்று வந்து, அடித்து ஓய்ந்தது.

"போனையும் விட்டுட்டுத்தான் போறாரு. நான் கூப்பிட்டா ஹெல்மெட்தான் அடிக்குது" என்றார் மேனேஜர். "வெள்ளை ஹெல்மெட் சைட்டுக்கே ஒண்ணுதாம்மா. மத்த எல்லாருக்கும் மஞ்சள். நானே வந்தாலும் மஞ்சள்தான். யாரைக் கேக்கறதுன்னு ஆளுங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது பாருங்க."

அண்ணி குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். அங்கே பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு ஜோடி ஷூ. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாக்ஸ், மடித்து.

"ஷூவையே விட்டுட்டு ஓடியிருக்கான்!" என்றார் மேனேஜர்.

"ஓடிப் போறவர் சாக்ஸை மடிச்சு வைக்கமாட்டாரு சார். திரும்பி வர்றவர்தான் மடிப்பாரு. ஷூ பாழாகிற இடத்துக்குப் போயிருக்காரு." அண்ணி அப்படியே தரையைத் தடவிப் பார்த்தார். "இந்த டைல்ஸ் யார் போட்டது? ரெண்டு ஓரத்துலயும் துண்டு டைல் ஒரே அளவா இருக்கே."

"அவரேதான். அப்ப அவரு டைல்ஸ் வேலை செஞ்சிட்டிருந்தாரு. நடுவுலேருந்து ஆரம்பிப்பாரு, ரெண்டு பக்கமும் சமமா வரும். மத்தவங்க ஒரு மூலைல ஆரம்பிச்சு அடுத்த மூலைல ஒரு கீத்தைச் செருகுவாங்க. இந்தத் தரையைப் பாத்துத்தான் நான் அவரை சூப்பர்வைசர் ஆக்கினேன்."

அண்ணி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். அவர் கடலை போட்டுக்கொண்டால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

மேலே போகவேண்டும் என்றால் ஹெல்மெட் கட்டாயமாம். மேனேஜர் ஒரு மஞ்சளை எடுத்துத் தன் தலையில் வைத்தார். இன்னொன்றை அண்ணிக்குக் கொடுத்தார். மூன்றாவது ஆணிக்குக் கை போனது. ஆணி காலி.

"இங்க ஒண்ணு இருக்குமே! எவன் எடுத்தான்?" என்றார் மேனேஜர்.

"எனக்கு வெள்ளையே போதும் சார்" என்று சூப்பர்வைசரின் ஹெல்மெட்டை எடுத்து, போனை அண்ணியின் பையில் போட்டுவிட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன்.

ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அடேயப்பா! இந்த முகத்துக்கு இவ்வளவு நாள் குறைந்தது இதுதான். ஒரு மிடுக்கோடு அறை வாசலைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"அண்ணே, ரெண்டாவது மாடில குழாய் இடது பக்கமா வலது பக்கமா?"

"அண்ணே, சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னாடி வருது. அங்கயே விட்டுடவா?"

"அண்ணே, பெயிண்ட் காயலை. காயற வரைக்கும் நான் என்ன பண்ண?"

"அண்ணே, பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

பிளம்பர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், தச்சர். நாலு பேரும் நாலு திசையிலிருந்து வந்து அப்பிக்கொண்டார்கள். பின்னால் இன்னும் இரண்டு பேர் கையில் எதையோ பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணியைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார். காப்பாற்ற ஆளில்லை என்று புரிந்ததும் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இடது! அங்கயே விடு! ஊது! வெளிப்பக்கம்!"

"சரிண்ணே" என்று நாலு பேரும் போய்விட்டார்கள். பெயிண்டர் நிஜமாகவே சுவரை ஊத ஆரம்பித்தார்.

நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினேன். "அண்ணி, இந்த ஆளுங்களுக்குச் சொந்தமா மூளையே கிடையாதா?"

"இருக்கு. கேக்க ஒரு ஆள் நிக்கிறப்ப எதுக்கு அதை எடுக்கணும்? அதை விடு. ஒண்ணு கவனிச்சியா? ஒருத்தராவது உன் மூஞ்சியைப் பாத்தாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் பேசினார்கள். "இதுக்கு நான் வருத்தப்படணுமா அண்ணி?"

"உன் மூஞ்சிக்குச் சந்தோஷப்படு" என்றார் அண்ணி.

மூன்றாவது மாடி. நீளமான நடை, இரண்டு பக்கமும் அறைகள், அறைக்கு ஒரு பாத்ரூம். எல்லா பாத்ரூமையும் அண்ணி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் எதிரே வருகிறவர்களைப் பார்த்துப் பயந்துகொண்டே வந்தேன்.

நடையின் பாதியில் அண்ணி நின்றுவிட்டார். ஒரு பாத்ரூம். தரையும் சுவரும் முடிந்திருந்தது. கோடு கோட்டோடு சேர்ந்திருந்தது. ஒரு டைல்கூட மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. பக்கத்து பாத்ரூம்களோடு பார்த்தால் இது மட்டும் வேறு கட்டடத்திலிருந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"இது யார் போட்டது?"

அந்த மாடியில் டைல்ஸ் வேலைக்கு இரண்டு கோஷ்டி. ஒன்றுக்குத் தலைவர் பெரிய டைல்ஸ்காரர், இன்னொன்றுக்குச் சின்ன டைல்ஸ்காரர். இருவரும் சகலைகள். அக்காவை இவர் கட்டியிருந்தார், தங்கையை அவர் கட்டியிருந்தார். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்காத தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம்.

பெரியவர் பாத்ரூமை ஒரு தரம் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நான் போடலை. அந்தாளு கோஷ்டி போட்டிருக்கும்."

சின்னவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டே சொன்னார். "நான் போடலைன்னு அவர்கிட்ட சொல்லுங்க. அவர் கோஷ்டிதான்னு நான் நெனச்சிட்டிருந்தேன்."

"ரெண்டு பேரும் பத்தடி தூரத்துல நிக்கறீங்க. ஒருத்தரை ஒருத்தர் கேக்கலையா?" என்றேன்.

"அவர்கிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?" என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். பல வருஷமாக அவர்கள் ஒன்றாகச் செய்த காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணி முழங்காலிட்டு அந்த பாத்ரூம் தரையின் இரண்டு ஓரத்தையும் குடையால் அளந்து பார்த்தார். பிறகு இன்னொரு கடலை. "இப்படி யாரும் போடாத பாத்ரூம் வேற இருக்கா?"

"கீழ் மாடிலயும் இருக்கு" என்றார் சின்னவர். "தானா முளைக்குதும்மா. மத்தியானத்துல போய்ப் பாத்தா வேலை நடந்திருக்கும். எங்க பசங்க பேய்னு சொல்றானுங்க."

"பேயா?" மேனேஜரின் குரல் கிறீச்சிட்டது.

"டைல்ஸ் போடற பேய்னா என்ன சார் பயம்? விலாசம் வாங்கி வெச்சுக்குவோம்" என்றேன். காலை நகர்த்திக்கொண்டதால் அண்ணி மிதித்தது மேனேஜரின் காலை.

நாலாவது மாடியில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தோம். கடைசி அறையின் பாத்ரூமில் ஒருவர் சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தார். மஞ்சள் ஹெல்மெட், மூக்கை மறைத்துத் துணி, கை முழுக்கக் கலவை. வெறுங்கால். வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, சூப்பர்வைசரைப் பாத்தியா?"

"இப்பதான் கீழ போனாரு" என்றார் திரும்பாமலே. பிறகு என்னவோ தோன்றித் திரும்பினார். என் தலையைப் பார்த்தார். கையிலிருந்த கரண்டி தொப்பென்று கலவையில் விழுந்தது.

என் கம்பீரத்தைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்று நினைத்தேன். "பயப்படாதே, வேலையைப் பாரு" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்து, அண்ணியிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெறுங்காலா?"

"ஆமா."

"கரண்டியைக் கீழ போட்டது உன் மூஞ்சியைப் பாத்தா?"

"மூஞ்சியை இல்ல அண்ணி. ஹெல்மெட்டைத்தான்..." என் வாய் பாதியில் நின்றது. உள்ளே ஏதோ மெல்ல விடிந்தது. எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் விடியும்.

"வா. நீ இப்ப டைல்ஸ் போடப் போறே" என்றார் அண்ணி.

"நானா? எனக்கு ஸ்டாம்பே நேரா ஒட்ட வராது!"

"அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன்."

நாங்கள் உள்ளே போனபோது அந்த ஆள் குனிந்து மும்முரமாகக் கலவையைக் கிண்டிக்கொண்டிருந்தார். சுவரில் கீழ்வரிசை முடிந்திருந்தது, நடுவிலிருந்து தொடங்கி, அழகாக. அண்ணி ஓரமாக ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "கொழுந்தனாரே, அந்த மூலைல ஒண்ணு வை."

நான் ஒரு டைலை எடுத்துக் கலவையை அள்ளி அப்பி மூலையில் வைத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மஞ்சள் ஹெல்மெட் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"அதுக்கு மேல இன்னொண்ணு. கோடு சேர வேண்டாம், பரவாயில்லை" என்றார் அண்ணி.

இரண்டாவதை வைத்தேன். அது முதலாவதை முறைத்துக்கொண்டு நின்றது. அந்த ஆளிடமிருந்து ஒரு முனகல் வந்தது. பாட்டு இல்லை, யாரோ அவர் கால் கட்டைவிரலை நசுக்குகிற மாதிரி.

"ஓரத்துல இடம் இருக்கே. ஒரு கீத்து உடைச்சுச் செருகிடு."

சுத்தியலைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான்.

"டேய்! எடுடா அதை! எடுடாங்கறேன்! மூலைலேருந்து எவனாவது ஆரம்பிப்பானா? கையை எடு, சுவரை விட்டுத் தள்ளு, வெளிய போ!"

நாலு மாடியும் அதிர்ந்தது. கீழே சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. என் பரம்பரையிலேயே யாரையும் யாரும் அப்படித் திட்டியிருக்கமாட்டார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அண்ணி எழுந்து கைகூப்பினார். "வணக்கம் சூப்பர்வைசர் சார். உங்க வீட்லேருந்து போன் வந்துது."

அவர் துணியைக் கீழே இறக்கினார். நடுவயசு முகம், மீசையெல்லாம் சிமெண்ட். முதலில் திருதிருவென்று விழித்தார். பிறகு தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"ஆணில வெள்ளை இருந்துது. ஒரு மஞ்சளைக் காணோம். எல்லாரும் வெள்ளை ஹெல்மெட்டைத் தேடறாங்க, நீங்க மஞ்சளைப் போட்டுக்கிட்டு அவங்க நடுவுலயே உக்காந்திருக்கீங்க. உங்ககிட்டயே வந்து உங்களைப் பாத்தியான்னு கேட்டிருப்பாங்களே?"

"தினமும் கேப்பாங்க. மேனேஜரே நேத்து கேட்டாரு. 'பாத்தா உடனே வரச் சொல்லு'ன்னாரு. சரிங்க ஐயான்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நல்லா டைல்ஸ் போடறேன்னு எனக்குப் பதவி குடுத்தாங்கம்மா. குடுத்த நாள்லேருந்து டைல்ஸைத் தொட விடலை. காலைலேருந்து இதா அதா, இடதா வலதா, அண்ணே அண்ணே. மேலேருந்து அவரு ஏன் முடியலைங்கறாரு, கீழேருந்து இவங்க எப்படி முடிக்கறதுங்கறாங்க. நேத்து வரைக்கும் கூட உக்காந்து சாப்பிட்டவங்க, தப்பாப் போட்டிருக்கேன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொல்ல முடியாம நானே உக்காந்து போட ஆரம்பிச்சேன். இந்த ரெண்டு மணி நேரம் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்."

ஒரே ஒரு தரம் அந்த ஹெல்மெட்டைப் போட்டதிலேயே நான் ஒருவரைச் சுவர் ஊத விட்டிருந்தேன்.

"வேலையை விட்டுடலாமே?" என்றார் அண்ணி மெதுவாக.

"விட்டா இந்த எடத்துக்கு அந்த கூலிங் கிளாஸ் வருவான். இவங்க அத்தனை பேரும் வெளிய போவாங்க. எனக்கு அது பொறுக்காதும்மா."

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு மேனேஜர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஆனால் அவர் காதில் விழுந்தது கடைசி வரிதான் போலிருக்கிறது.

"என் மச்சானைக் கூலிங் கிளாஸுங்கறியா? சூப்பர்வைசர் வந்து மஞ்சள் ஹெல்மெட்டோட குந்திக்கிட்டு! போதும்ப்பா. இனி அவன்தான் சூப்பர்வைசர்." என் தலையிலிருந்த வெள்ளை ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கொண்டு அவர் மாடிப்படியில் இறங்கி ஓடினார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பது என் அண்ணி அறியாத ரகசியம்.

சூப்பர்வைசரோடு நாங்களும் கீழே ஓடினோம். அதற்குள் முடிசூட்டு விழா முடிந்திருந்தது. மச்சான் காரிலிருந்து இறங்கி, வெள்ளை ஹெல்மெட்டைக் கூலிங் கிளாஸுக்குப் பொருத்தமாகச் சரித்து வைத்துக்கொண்டு, "எல்லாரும் இனிமே என்னைக் கேட்டுத்தான் செய்யணும்" என்று அறிவித்தான்.

இதைவிடப் பெரிய தப்பு யாரும் செய்திருக்க முடியாது.

"அண்ணே, இடதுன்னு சொன்னீங்க, இடது பக்கம் ஜன்னல் இருக்கு. குழாயை ஜன்னல்ல வைக்கவா?"

"அண்ணே, ஊதியாச்சு. அடுத்த சுவரையும் ஊதவா?"

"அண்ணே, மணல் வந்திருக்கு, எங்க கொட்ட?"

"அண்ணே, அவர் கோஷ்டி என் கரண்டியை எடுத்துட்டாங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க!"

மச்சான் பின்வாங்கினான். கூட்டம் முன்வாங்கியது. அவன் திரும்பி ஓட்டம் எடுத்து, தரைத்தளத்தில் கண்ணில் பட்ட முதல் பாத்ரூமுக்குள் புகுந்து கதவை அறைந்து சாத்தினான். உள்ளே தாழ்ப்பாளைத் தடவுகிற சத்தம் கேட்டது. உள்ளே தாழ்ப்பாள் இல்லை. நான் சொன்னபடி தச்சர் வெளியே மாட்டியிருந்தார். மாட்டியது சரியாக விழுகிறதா என்று பார்க்க அந்த நல்ல மனுஷர் அதைப் போட்டும் பார்த்தார். விழுந்தது. திரும்ப எழவில்லை.

"தொறங்கடா! நான் சூப்பர்வைசர்டா!" என்று கதவு கத்தியது.

அந்தச் சமயத்தில்தான் கேட் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். வாட்ச்மேன் மல்லாக்க விழுந்திருந்தார். அவரைத் தாண்டி ஓனரம்மா உள்ளே வந்தார். வெள்ளைப் புடவை, கறுப்பு ஷூ, சிரிக்காத முகம்.

"இங்க யார் பொறுப்பு?" என்றார்.

மேனேஜரின் கண் பாத்ரூம் கதவுக்குப் போனது. "பொறுப்பு வந்து... பொறுப்பு உள்ள இருக்கும்மா. கொஞ்சம் அவசரமா..."

"காப்பாத்துங்க மாமா!" என்றது பொறுப்பு.

அண்ணி சூப்பர்வைசரின் காதில் என்னவோ சொன்னார். அவர் முகம் முதலில் சுருங்கியது, பிறகு கண் விரிந்தது. நேராகப் போய்த் தாழ்ப்பாளில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். கதவு திறந்தது. மச்சான் ஹெல்மெட்டை அவர் கையில் திணித்துவிட்டு ஒரே ஓட்டமாகக் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

சூப்பர்வைசர் வெள்ளை ஹெல்மெட்டைத் தலையில் வைத்தார். உடனே பிளம்பர் வந்தார். "அண்ணே, குழாய் ஜன்னல்ல வருது. என்ன பண்ண?"

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிப் பிளம்பரின் தலையில் வைத்தார். "இப்ப நீதான் சூப்பர்வைசர். நீ சொல்லு."

பிளம்பர் பேயறைந்த மாதிரி நின்றார். பக்கத்திலிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பெயிண்டர் வாயைத் திறந்து, "அண்ணே..." என்று பிளம்பரிடம் ஆரம்பித்துவிட்டார்!

"வலது!" என்று பிளம்பர் அலறினார். "வலது பக்கம்தான்! ஏற்கெனவே தெரியும்ணே! எடுங்க இதை!"

"தெரியுமில்ல? போ." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசர் திரும்பினார். "அடுத்து யாருக்கு என்ன கேக்கணும்?"

கூட்டத்தைக் காணோம். பெயிண்டர் அடுத்த வேலைக்கு மாடிக்கு ஓடினார். தச்சர் தாழ்ப்பாளை உள்பக்கம் மாற்ற உட்கார்ந்தார். பெரிய டைல்ஸ்காரர் ஹெல்மெட்டை ஒரு தரம் பார்த்தார், சகலையை ஒரு தரம் பார்த்தார். "என் கரண்டி உங்ககிட்ட இருக்கா?" என்று நேராகவே கேட்டார். சின்னவர் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க" என்றார் சூப்பர்வைசர். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. "மூணாவது மாடில பாதி பாத்ரூம் கோணல். உங்களைத் திட்ட மனசு வராம நானே திருட்டுத்தனமா போட்டுக்கிட்டிருந்தேன். நாளைலேருந்து நான் முதல் பாத்ரூமை உங்க முன்னாடி போடுவேன். நீங்க பாத்துட்டு மத்ததைப் போடணும். கோணலா வந்தா உடைக்கச் சொல்லுவேன்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே. நாங்க பேய்னு பயந்துட்டோம்" என்றார் சின்னவர்.

கட்டடம் முழுக்கச் சுத்தியல் சத்தம் மறுபடி கிளம்பியது. அண்ணே என்று ஒரு குரல்கூட இல்லை. ஓனரம்மா சுற்றிலும் பார்த்தார். "நான் இத்தனை தரம் வந்திருக்கேன். எல்லாரும் வேலை செஞ்சு இன்னைக்குத்தான் பாக்கறேன். மேனேஜர், யாரை சூப்பர்வைசரா வெச்சிருக்கீங்க?"

மேனேஜருக்கு ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் வீடு. காரைப் பார்த்தார், கைக்குட்டையைப் பிழிந்தார், கடைசியில் சூப்பர்வைசர் பக்கமாகச் சாய்ந்து கிசுகிசுத்தார். "ஏம்ப்பா, இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

சூப்பர்வைசர் வெள்ளை ஹெல்மெட்டை எடுத்தார். மேனேஜரின் மஞ்சள் ஹெல்மெட்டை நிதானமாகக் கழற்றினார். வெள்ளையை அவர் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். சாரத்தில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். தங்கள் வேலை அந்த வாயில் தொங்குகிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

"இவர்தாம்மா!" என்று கத்தினார். "இவரேதான்! இவரும் இவர் ஆளுங்களும்தான்! வீட்ல நான் சொல்லிக்கறேன். எடுப்பா இதை, தலை கனக்குது!"

சாரத்தில் யாரோ விசிலடித்தார்கள். சூப்பர்வைசர் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. சிமெண்ட் தூசி என்று சொல்லிக்கொண்டார்.

அண்ணி அவரிடம் திருப்பிக் கொடுத்த போன் அடித்தது. எடுத்தார். "சொல்லும்மா... ராத்திரிக்கு என்ன சமைக்கறதா?" அவர் கை தன்னையறியாமல் ஹெல்மெட்டுக்குப் போனது.

"அதை வீட்டுக்குக் கொண்டு போயிடாதீங்க சார். அங்க தலையில வேற ஏதாவது விழும்" என்றார் அண்ணி.

நாங்கள் கிளம்பினோம். பக்கவாட்டில் மணலைக் கொட்டி வழியை அடைத்திருந்தார்கள். அண்ணி கடலையைக் கொறித்தபடி எனக்காக நின்றார். வழக்கு முடிந்த சந்தோஷத்தில் எனக்கு மூளை கொஞ்சம் விடுமுறையில் இருந்தது. திரும்பிப் பார்த்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வெளிய போறதுக்கு எந்தப் பக்கம்?"

சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. அவர் சிரித்துக்கொண்டே, ஹெல்மெட்டைக் கழற்றியபடி, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்.